கையொப்பம் வேண்டி ஒரு கடிதம்



இவ்வாண்டு மலருக்கு எதை எழுதுவது என்று எங்கள் வகுப்பில் பேச்சு வந்தபோது, "நாம் எழுதிய கடிதங்களைப் பற்றியே எழுதினால் என்ன?" என்றாள் ஒருத்தி. அப்படிப் பிறந்ததே இக்கட்டுரை. விளையாட்டு வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் தபாலில் கடிதம் எழுதி அவர்களுடைய கையொப்பத்தைப் பெறுவது எப்படி என்பதை, நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல், இங்கே சொல்லுகின்றோம். எங்களுக்குப் பின்வரும் தங்கையர் அத்தவறுகளைத் தவிர்ப்பார்களானால் அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி.

சாரல் பெய்த ஒரு நாள்

சென்ற ஆண்டு ஜூலை மாதம் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த சாரல் நின்றபாடில்லை. மைதானம் சேறாகிவிட்டதால் விளையாட்டுப் பாடவேளை வகுப்பறையிலேயே நடந்தது. உடற்கல்வி ஆசிரியை ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து, "யாருடைய கையொப்பம் கிடைத்தால் மிகவும் மகிழ்வீர்கள்? ஒரு பெயர் எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். வகுப்பு முழுவதும் சேர்ந்து நான்கே பெயர்கள்தாம் வந்திருந்தன. நால்வரும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், நால்வரும் ஆண்கள்.

ஆசிரியை கோபிக்கவில்லை. கரும்பலகையில் 55.42 என்று பெரிதாக எழுதி, "இது என்ன எண்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "யாருக்காவது வந்த சதவீதமா டீச்சர்?" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வரவே வகுப்பே சிரித்தது.

பிறகு அவர் சொன்னார். 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் அவர் கையைவிட்டுப் போனது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கினால். அதன்பின் 39 ஆண்டுகள் இந்தியப் பெண் ஒருவரும் அந்த நேரத்தை எட்டவில்லை. 2023 அக்டோபர் 2 அன்று சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒரு பெண் அதே ஓட்டத்தை ஓடினார். கடிகாரம் காட்டிய நேரம், நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல், அதே 55.42.

"அந்தப் பெண் யார் தெரியுமா? வித்யா ராம்ராஜ். நம் கோயமுத்தூர்ப் பெண்" என்றார் ஆசிரியை. மறுநாள் இறுதி ஓட்டத்தில் வித்யா வெண்கலம் வென்றார். தொடரோட்டங்களில் இரண்டு வெள்ளியும் பெற்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடரோட்ட அணியிலும் இடம் பெற்றார். அவருடன் பிறந்த இரட்டையரான நித்யாவும் தடை ஓட்டக்காரரே. ஹாங்சோவுக்கு அவரும் சென்றிருந்தார்.

நாங்கள் தலைகுனிந்தோம். நம் ஊரின் பெயரை நம் வயதுக்குச் சற்றே மூத்த ஒரு பெண் அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்க, அவர் பெயர் எங்கள் துண்டுத் தாள் ஒன்றில்கூட இல்லையே! அன்று வகுப்பு முடியுமுன் ஒரு முடிவு செய்தோம். ஆளுக்கொரு கடிதம் எழுதுவது. அதுவும் யாருக்கு ஏன் எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுவது.

சொல்லின் பொருள்

கையொப்பத்தை ஆங்கிலத்தில் ஆட்டோகிராப் என்பார்கள். கிரேக்க மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குத் 'தானே எழுதியது' என்பது பொருள். இதை முதலிலேயே அறிந்திருந்தால் எங்கள் முதல் தவறைச் செய்திருக்க மாட்டோம்.

என்ன தவறு என்கிறீர்களா? எங்கள் வகுப்பில் நன்றாக எழுதக்கூடிய தோழி ஒருத்தி அழகான கடிதம் ஒன்றைத் தயாரித்துக் கரும்பலகையில் எழுதினாள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றிக் கொண்டோம். கட்டாகக் கட்டித் தலைமையாசிரியை சகோதரியிடம் கொண்டு போனோம். அவர் முதல் இரண்டு கடிதங்களை முழுவதும் படித்தார். மூன்றாவதில் பாதி படித்தார். பிறகு கட்டை அப்படியே திருப்பித் தந்துவிட்டார். "இவை நாற்பத்தொரு கடிதங்கள் அல்ல; ஒரு கடிதத்தின் நாற்பத்தொரு நகல்கள். அவர் தம் கையால் எழுதித் தரவேண்டும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் மட்டும் பிறர் எழுதியதை அனுப்பலாமோ?" என்றார்.

அன்று மாலை ஒரு தோழி இதைத் தன் அம்மாயியிடம் சொல்லிக் குறைபட்டுக் கொண்டாளாம். அம்மாயி வெற்றிலையை மடித்தபடியே, "ஏங்கண்ணு, அவங்களா வந்து உன்ற கடுதாசி வேணும்னு கேட்டாங்க? நாமதான கேக்கறோம்? அப்ப நாமதான மொதல்ல எதாச்சும் குடுக்கோணும்!" என்றாராம். சகோதரி சொன்னதும் அம்மாயி சொன்னதும் ஒன்றுதான். கையொப்பம் கேட்கும் கடிதம் முதலில் ஒரு நன்றிக் கடிதமாக இருக்க வேண்டும். மறுமொழி வராமலே போனாலும், அதைப் படித்தவருக்கு ஒரு மகிழ்ச்சி கிடைத்திருக்க வேண்டும். இக்கட்டுரையில் நாங்கள் சொல்லவந்ததன் சாரம் இதுவே.

கையொப்பம் இடுபவரும் எதிரே இருப்பதைப் படித்துப் பார்க்கவே செய்வர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வோம். 1933-34 இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் எம்.சி.சி. என்னும் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணி இந்தியா வந்தது. நம் நாட்டு ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சண்டின் சகோதரி லட்சுமி, அவ்வணியினர் பதினாறு பேரின் கையொப்பங்களைத் தம் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் வாங்கி வைத்திருந்தார். பின்னொரு நாள் அதே புத்தகத்தைக் காந்தியடிகளிடம் நீட்டினார். அடிகள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கிரிக்கெட் பக்கத்தைக் கண்டு, பதினேழாவது ஆட்டக்காரராகத் தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்! வெறும் பக்கத்தைத் தேடாமல், அந்தப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று பார்த்து இட்ட கையொப்பம் அது.

யாருக்கு எழுதுவது?

மிகப் புகழ்பெற்ற ஒருவருக்கு நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். அவற்றில் நம் கடிதமும் ஒன்றாகிப் போகும். அவருக்கு எழுதக்கூடாது என்பதில்லை. ஆனால் நாம் நேரில் கண்டு வியந்த ஒருவருக்கு, நாம் ஆடும் ஆட்டத்தையே ஆடும் ஒருவருக்கு, நம் மண்ணிலிருந்து சென்ற ஒருவருக்கு எழுதும்போது சொல்வதற்கு நமக்கென்று செய்தி இருக்கும்.

நம் கொங்கு நாட்டிலேயே எத்தனை பேர் என்று பாருங்கள். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தார். 2016 இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021 இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024 இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நெசவுக் கூலித் தொழிலாளியின் மகன் நடராஜன், 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை நடந்த ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005 இல் பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

நம் தமிழ்நாட்டுப் பெண்களை எண்ணினால், 1976 இல் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித்தந்த தலைவி சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர். 2013 உலகக் கோப்பையில் சதம் அடித்த திருஷ் காமினிக்கு முன் இந்தியப் பெண் எவரும் உலகக் கோப்பையில் சதம் கண்டதில்லை. 2023 இல் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற வைஷாலி, அப்பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண்.

ஓய்வு பெற்றவர்களையும் மறவாதீர்கள். கூட்டம் கலைந்த பின்னும் கைதட்டும் ஒருவர் இருந்தால் எவருக்குத்தான் இனிக்காது?

முகவரி

வீட்டு முகவரியைத் தேடி அலைவது தவறு. பெரிய வீராங்கனையானாலும் வீடு அவருக்குரியது. அவர் சேர்ந்துள்ள சங்கத்துக்கோ, பயிற்சி நிலையத்துக்கோ, பணிபுரியும் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவுக்கோ அவர் பெயரிட்டு, 'மே/பா.' என்று குறித்து எழுதுவதே முறை. தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வீரர்களுக்குச் சேப்பாக்கம், சென்னை 600 005 இலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். பிற விளையாட்டினருக்குச் சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கிலுள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். இப்படி அவரவர் ஆட்டத்துக்கு ஏற்பச் சங்கத்தின் முகவரியை ஆசிரியையிடம் கேட்டறியலாம்.

அஞ்சல் குறியீட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள். 1972 ஆகஸ்டு 15 இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தைக் காட்டும். கோவைக்கு 641, சேலத்துக்கு 636, ஈரோட்டுக்கு 638. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். எங்கள் கடிதங்களில் இரண்டு, முகவரி போதாமையால் திரும்பி வந்தன. இரண்டிலும் குறியீட்டு எண் இல்லை.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், சொந்தக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக. தமிழ் அறிந்தவருக்குத் தமிழிலேயே எழுதலாம். நான் யார், உங்கள் ஆட்டத்தில் எதைக் கண்டேன், அது எனக்கு என்ன செய்தது, ஒரு சிறு கேள்வி, பிறகு வேண்டுகோள், நன்றி என்று ஆறு செய்திகள் போதும். 'நீங்கள் உலகிலேயே சிறந்தவர்' என்பதை ஆயிரம் பேர் எழுதுவர். நீங்கள் கண்டதை நீங்கள்தான் எழுத முடியும். எங்களில் ஒருத்தி கூடைப்பந்து வீராங்கனை ஒருவருக்கு எழுதியதை மாதிரிக்காக இங்கே தருகின்றோம்.

"மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவையில் படிக்கும் மாணவி. எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறேன். நம் ஊரில் நடந்த போட்டிக்கு என் மாமாவுடன் வந்து உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேன். எதிரணி அக்கா ஒருவர் உங்கள்மேல் மோதி இருவரும் விழுந்தீர்கள். உங்கள் முழங்கையில் இரத்தம் வந்தது. நீங்கள் எழுந்ததும் முதலில் அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினீர்கள். பள்ளிக்கு வந்து எங்கள் அணியிடம் சொன்னேன். இப்போது நாங்களும் அப்படியே செய்கிறோம்.

ஒரு சந்தேகம். எனக்கு இடக்கையால் பந்தைத் தட்ட வரவில்லை. உங்களுக்குப் பழக எத்தனை நாள் ஆயிற்று?

இத்துடன் வைத்துள்ள அட்டையில் தங்கள் கையொப்பத்தை இட்டு அனுப்பினால் மிகவும் மகிழ்வேன். நேரம் இல்லையென்றால் வருந்த வேண்டாம். உங்கள் ஆட்டத்துக்கு நன்றி.

அன்புடன்,
தங்கள் தங்கை."

மூன்றே வாரத்தில் இதற்கு மறுமொழி வந்தது. அட்டையில் கையொப்பம் இருந்தது. அதன்கீழ், "எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. தினமும் பால் வாங்கப் போகும்போது இடக்கையாலேயே தட்டிக்கொண்டு போ" என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயரை நாங்கள் இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் நீங்கள் அனைவரும் நாளையே அவருக்கு எழுதிவிடுவீர்கள்!

உறைக்குள் வைக்க வேண்டியவை

போதிய தபால்தலை ஒட்டிய, சுயமுகவரியிட்ட உறை ஒன்று கட்டாயம் வேண்டும். மறுமொழி எழுதுபவருக்கு நேரமும் செலவாகிப் பணமும் செலவாகலாமா? அந்த உறையில் பள்ளியின் முகவரியையே எழுதுக. வீட்டு முகவரி, தொலைபேசி எண் வேண்டாம். கையொப்பத்துக்காக வெள்ளை அட்டை ஒன்று அல்லது இரண்டு வைக்கலாம். தபால் அட்டை அளவு போதும், கோடு கூடாது. பளபளப்பான படத்தில் பேனா மை ஒட்டாமல் வழுக்கும், காயுமுன் கலையும். பத்து அட்டைகளை வைத்தால், கையொப்பத்தை விற்பவரோ என்று அவர் ஐயப்படக்கூடும்.

இனி எடை. இதுதான் எங்கள் இரண்டாவது தவறு. எல்லா உறைகளிலும் ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டித் தலைமை அஞ்சலகத்துக்குக் கொண்டு போனோம். சாளரத்தில் இருந்தவர் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார். "ஏனுங்க அம்மணி, இது இருபது கிராமுக்கு மேல போகுதுங்களே! இப்படியே போட்டா, கொறையற காசுக்கு ரெண்டு பங்கா வாங்கறவங்ககிட்டத்தான் கேப்பாங்க" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. கையொப்பமும் கேட்டு, அபராதமும் கட்ட வைக்க இருந்தோமே!

கணக்குப் பார்த்தால் விளங்கும். எழுதும் தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். அட்டை இரண்டும் 7 கிராம். உள்ளே மடித்து வைத்த உறை 5 கிராம், வெளியுறை 6 கிராம். ஆக 23 கிராம். நாங்கள் அனுப்பியபோது 20 கிராம் வரை ஐந்து ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் மேலும் ஐந்து ரூபாய். எனவே பத்து ரூபாய் ஒட்ட வேண்டும். அனுப்புமுன் நிறுத்து, அன்றைய கட்டணத்தைக் கேட்டு ஒட்டுவதே நல்லது.

பலர் கடிதம் தவறாமல் சேரவேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புவது வழக்கமாயிருந்தது. 2025 இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் இதற்கு அவை தேவையில்லை. சாதாரணத் தபாலே போதும். கையெழுத்திட்டு வாங்க வேண்டிய தபால், பயிற்சிக்கு ஓடும் ஒருவருக்குத் தொல்லையே ஆகும்.

வெளிநாட்டுக்கு எழுதுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அங்கிருந்து வரும் கடிதத்துக்கு அந்நாட்டுத் தபால்தலைதான் செல்லும். நம் தபால்தலையை ஒட்டி அனுப்பிப் பயனில்லை. இதற்கென்றே 1906 இல் ரோம் நகரில் கூடிய உலக அஞ்சல் மாநாடு பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் என்ற ஏற்பாட்டைச் செய்தது. கூப்பனைப் பெற்றவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் கொடுத்துத் தபால்தலை வாங்கிக் கொள்வார். கிடைக்குமா என்று தலைமை அஞ்சலகத்தில் விசாரித்த பின்பே அதை நம்புக.

காத்திருத்தல்

அனுப்பிய நாள், பெயர், முகவரி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு மறந்துவிடுங்கள்! போட்டிக் காலத்தில் அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். சிலருக்கு மூன்று வாரம், சிலருக்கு ஆறு மாதம். ஒருவருக்கே திரும்பத் திரும்ப எழுதி நச்சரிப்பது அழகன்று.

ஒரு கையொப்பத்தின் பின்னே எவ்வளவு உழைப்பு உண்டு என்பதற்கு டொனால்ட் பிராட்மனைச் சொல்லலாம். 52 டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்ற சராசரியைக் கொண்ட அந்த ஆஸ்திரேலியர் 1948 இல் கடைசி டெஸ்டை ஆடினார். 2001 இல் மறைந்தார். இடைப்பட்ட அரை நூற்றாண்டிலும் உலகெங்கிலுமிருந்து வந்த கடிதங்களுக்குத் தம் அடிலெய்டு வீட்டில் அமர்ந்து மறுமொழி எழுதுவதற்கென்றே நாள்தோறும் நேரம் ஒதுக்கினார். எல்லோருக்கும் அது இயலாது. அச்சிட்ட கையொப்பம் வரலாம். உதவியாளர் இட்டது வரலாம். கையொப்பமிடும் இயந்திரமே உலகில் உண்டு. மையின் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருந்தால் ஐயப்படலாம். என்றாலும் அனுப்பியவரைக் குறை கூறாதீர்கள். கையொப்பத்துக்குப் பணம் அனுப்பச் சொல்லும் கடிதமோ செய்தியோ வந்தால் மட்டும் உடனே ஆசிரியையிடம் காட்டுங்கள்.

நாங்கள் அனுப்பிய 41 கடிதங்களில் 7 க்கு மறுமொழி வந்தது. மிக நீண்ட மறுமொழி, ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகளான ஓர் அம்மையாரிடமிருந்து வந்தது. இரண்டு பக்கங்கள்! "என் பிள்ளைகளே நான் ஆடியதை நம்புவதில்லை. உன் கடிதத்தை அவர்களிடம் காட்டினேன்" என்று எழுதியிருந்தார். அதை வகுப்பில் படித்தபோது எங்களில் சிலர் கண் கலங்கினோம்.

வந்த கையொப்பத்தின்மேல் பசை நாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி மூடாதீர்கள். வெயில் படாத இடத்தில், இரு வெள்ளைத் தாள்களுக்கிடையே வையுங்கள். உறையையும் எறியாதீர்கள், அதன் முத்திரையே அது வந்த நாளுக்கும் ஊருக்கும் சாட்சி. உடனே ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். கையொப்பத்தை விற்பது என்ற பேச்சே வேண்டாம். நம் பெயருக்கு என்று எழுதித் தந்தது நமக்கே உரியது.

பெற்றோருக்கு ஒரு சொல்

தலைமையாசிரியை சகோதரி எங்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு கடிதத்தையும் வீட்டில் பெற்றோர் படித்து, அடியில் கையெழுத்திட்டுத் தந்த பின்பே தபாலில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு அது சற்று எரிச்சலாகவே இருந்தது. ஆனால் அவ்விதியால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

எங்கள் வகுப்பில் நன்றாகத் தடை தாண்டி ஓடும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது, இனி மாலைப் பயிற்சி வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் எதிர்த்துப் பேசுபவள் அல்லள். பேசாமல் ஓட்டக் காலணியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். அவளும் ஒரு வீராங்கனைக்குக் கடிதம் எழுதினாள். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், "அக்கா, நீங்கள் பத்தாம் வகுப்புப் படித்தபோது பயிற்சியை நிறுத்தச் சொன்னார்களா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? எனக்கு அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலை எழுந்ததும் கால் தானாக ஓடப் பார்க்கிறது" என்று எழுதியிருந்தாள்.

விதிப்படி அதைத் தந்தையிடம் கொடுக்க வேண்டுமே! இரண்டு நாள் புத்தகப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மில்லில் இரவு வேலை முடித்து வந்த தந்தை அதைப் படித்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. காலையில் அவள் எழுந்தபோது கடிதத்தின் அடியில் கையெழுத்து இருந்தது. பரணில் இருந்த காலணி வாசற்படியில் இருந்தது. "வாரத்துல மூணு நாள் போ, சாமி. பாக்கி நாள் படி" என்றாராம்.

அந்த வீராங்கனையிடமிருந்து இன்றுவரை மறுமொழி வரவில்லை. அவள் அதை எதிர்பார்த்திருக்கவும் இல்லை. அவளுக்குக் கிடைத்த முதல் கையொப்பம் அவள் தந்தையுடையது. ஆகவே, பெற்றோர்களே, உங்கள் மகள் எழுதும் கடிதத்தைப் பிழை திருத்துவதற்காக மட்டும் படிக்காதீர்கள்.

தோழியரே, ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு உறை, சில ரூபாய்த் தபால்தலை. வேண்டியது இவ்வளவே. உலக அஞ்சல் ஒன்றியம் 9 முதல் 15 வயது வரையுள்ளோருக்காக 1971 முதல் கடிதப் போட்டி நடத்தி வருகிறது. நம் அஞ்சல் துறையும் கடிதம் எழுதும் போட்டிகளை நடத்துகிறது. அவற்றிலும் கலந்து கொள்ளுங்கள். ஆனால் முதற் கடிதத்தை, நீங்கள் கண்டு வியந்த ஒருவருக்கு எழுதுங்கள். இந்த ஆண்டு விளையாட்டு விழா முடிந்ததும் நாங்கள் எழுதப்போகும் முதற் கடிதம் யாருக்கென்று முடிவு செய்துவிட்டோம். 55.42 என்ற எண்ணைக் கரும்பலகையில் கண்ட அன்றே எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. எடை போட்டுத்தான் அனுப்புவோம்!